பனிச்சங்கேணியில் என்னைத் தெரிந்தவர்கள்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, செல்வராணி ரீச்சரும் நானும் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் வாகரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம். தை மாதம் பிறந்து முதலாம் கிழமை. மழை விட்டிருந்தது, வெயில் வரவில்லை. எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இந்த வயதுக்குள் வாழைச்சேனைக்கு வடக்கே நான் ஒருநாளும் போனதில்லை. வாசிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரீச்சர் எங்கள் மெதடிஸ்த சபையில் வகுப்புத் தலைவி. வகுப்பு என்றால் பள்ளிக்கூட வகுப்பு அல்ல. பத்துப் பன்னிரண்டு பேர் கிழமைக்கு ஒருதரம் ஒரு வீட்டில் கூடி, அவரவர் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லி, ஆளுக்கொரு ஜெபம் பண்ணுவோம். சபை தொடங்கின காலத்து வழக்கம். பல இடங்களில் விட்டுப்போயிற்று என்கிறார்கள், எங்களிடம் இன்னும் இருக்கிறது. அங்கே புத்தகம் பார்த்து ஜெபிப்பதில்லை. மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் வராது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு என் சத்தத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தாலே சொல்ல வந்தது மறந்துவிடும். என் முறை வந்தால் "ஆமென்" என்று மட்டும் சொல்லி அடுத்தவருக்கு விட்டுவிடுவேன்.

கூட்டத்துக்கு வர முடியாதவர்களை, வருகிறவர்கள் ஆளுக்கு ஒருவராக ஜெபத்தில் சுமக்க வேண்டும் என்பதும் வகுப்பு வழக்கம். ரீச்சர் எனக்குத் தந்தது பனிச்சங்கேணி எஸ்தர் அக்காவை. "வாய் திறக்க ஒண்ணாட்டி மனசிலயாவது தூக்கு" என்றார். எஸ்தர் அக்கா கலியாணம் கட்டி வடக்கே போன பிறகுதான் நான் இந்தச் சபைக்கு வந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியாது. கண் பார்வை மங்கிவிட்டது, மகன் வேலைக்குப் போனால் தனியாகத்தான் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு என் வீட்டில் பாய் விரித்து, லைற் போடாமல் கொஞ்ச நேரம் இருப்பேன். கடவுளிடம் ஒன்றும் கேட்பதில்லை. அந்த மனுசி அங்கே இருக்கிறார், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

அவருடைய மகன் மோகன் சபைக்குப் போன் எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கொண்டுவந்து நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் விடப்போகிறாராம், இடம் எடுத்துத் தரச் சொன்னாராம். காரணம் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் ரீச்சர் புறப்பட்டார். நான் சுமக்கிற ஆள் என்றபடியால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

டிக்கெற் ஆளுக்கு இருநூற்று நாற்பது ரூபா. நான் கொடுத்த தாளுக்குக் கண்டக்டர் மிச்சம் தரவில்லை.

"மிச்சத்தக் கேளு கா" என்றார் ரீச்சர்.

நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ மோட்சத்துக்குப் போனாலும் கதவத் தட்ட மாட்டா. ஆராவது திறக்குமட்டும் வெளியிலயே நிப்பா" என்று சொல்லிவிட்டு, ரீச்சரே கேட்டு வாங்கித் தந்தார். முன்சீற்றில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஏறாவூர், செங்கலடி, கிரான். வாழைச்சேனைக்கு முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். அங்கே பழைய கடதாசி ஆலையைத் தூரத்தில் பார்த்தேன். ஓட்டமாவடிப் பாலம் தாண்டிய பிறகு பஸ்ஸில் சனம் குறைந்தது. வீடுகளும் குறைந்தன. காயான்கேணி, மாங்கேணி என்று கண்டக்டர் கூப்பிடுவது மட்டும்தான் சத்தம். பற்றைக்காடு முடிகிற இடத்தில் வாவி வந்தது. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம், எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஒரு மனிதர் வீச்சு வலையைத் தோளில் போட்டபடி நின்றார். பஸ் வளைவு முழுவதும் சுற்றி வரும்வரை அவர் அசையவில்லை. நட்டு வைத்த கம்போ என்றுகூட நினைத்தேன். பிறகு தலையைத் திருப்பி எங்கள் பஸ்ஸைப் பார்த்தார்.

ஒன்பதரை மணிக்குப் பனிச்சங்கேணியில் இறங்கினோம். றோட்டோரத்தில் ஒரு பெட்டிக்கடை. கடையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நெற்றியில் திருநீறு, மீன் வலை ஒன்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ரீச்சர் வழி கேட்க வாய் எடுக்குமுன் அவர் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, இண்டைக்கு வியாழக்கிழமையெல்லோ?" என்றார்.

எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"ஆரோ எண்டு நினைச்சிட்டீங்க புள்ள. இவ இந்தப் பக்கம் வந்ததே இல்ல" என்றார் ரீச்சர்.

"சும்மா விளையாடாதீங்க கா. வெள்ளிக்கு வெள்ளி எஸ்தர் மாமிட வளவுக்க போறவதானே. கூப்பிட்டாலும் கதைக்க மாட்டா. தலையக் குனிஞ்சிட்டுப் போயிடுவா" என்று சிரித்தார் அந்தப் பெண். பிறகு பஸ் போன பக்கத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "பஸ்ஸிலயா வந்தீங்க?"

"ஓம்" என்றேன்.

"பஸ்ஸால இறங்கினத இண்டைக்குத்தான் காணுறன்" என்றார். வலையைப் போட்டுவிட்டு எழுந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றுகொண்டார். வழியைக் கையால் மட்டும் காட்டினார்.

மணல் ஒழுங்கை. இரண்டு பக்கமும் வேலி, வேலிக்கு அங்கால் தண்ணீர். ரீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். என் செருப்புக்குள் மணல் போனது, தட்டுவதற்குக்கூட நிற்க மனம் வரவில்லை. எஸ்தர் அக்காவின் வேலிக் கடப்பில் ஒரு செவலை நாய் ரீச்சரைப் பார்த்துக் குரைத்தது. ரீச்சர் குடையால் விரட்டினார். அது சுற்றி வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது.

கல்வீடு, இரண்டு அறை. முன் அறையில் ஒரு கதிரையில் எஸ்தர் அக்கா இருந்தார். ஒட்டின கன்னம், இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பாய் சுருட்டி நிமிர்த்தி வைத்திருந்தது. வாசலோரம் அவருடைய உடுப்புகள் படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டியிருந்தன. மோகன் வாழைச்சேனையில் ஐஸ் கொம்பனியில் வேலை செய்கிறவர், லீவு போட்டுவிட்டு நின்றார்.

ரீச்சரின் குரலைக் கேட்டதும் எஸ்தர் அக்கா கையை நீட்டி, "செல்வராணியா? எத்தின வரிசம்!" என்று அழுதார். நான் கதவோடு நின்றேன். வாய் திறக்கவே இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரியாக நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"முழங்கால் நோ குறைவா புள்ள? போன கிழமை எழும்பக்குள்ள கையூண்டி எழும்பினியே."

மழை தொடங்கின நாளிலிருந்து எனக்கு வலது முழங்கால் நோ. ரீச்சருக்குக்கூட நான் சொன்னதில்லை.

மோகன் எங்கள் இருவரையும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஒளிக்காமச் சொல்லுறன் ரீச்சர். வெள்ளிக்கிழமை பொழுதுபடக்குள்ள அம்மா தடவித் தடவிப் பாய விரிக்கிறா. மறுகா ஆரோடயோ கதைக்கிறா, நான் வேலையால வந்து பாக்கக்குள்ள ஒருத்தரும் இல்ல. ஆரம்மா எண்டு கேட்டா, எங்கட வகுப்பு ஆள் எண்டுறா. சபைக்குப் போன் எடுத்துக் கேட்டன், ஒருத்தரும் போறல்ல எண்டாங்க. இஞ்ச சனம் ஒரு பொம்பிளயக் கண்டமெண்டுது. வந்த வழியும் தெரியா, போன வழியும் தெரியா. இப்ப பின்னேரத்தில ஒருத்தரும் இந்த ஒழுங்கைக்க வாறல்ல. மீன் கொண்டுவாற ஆளும் நிண்டுட்டான். நான் வேலையில நிக்கக்குள்ள அம்மாக்கு ஒண்டெண்டா ஆர் எட்டிப் பாக்கிற?"

"பேய் பிசாசெண்டு பயப்படுற ஆக்களா தம்பி நாங்க?" என்றார் ரீச்சர்.

"நீங்க பின்னேர பஸ்ஸில மட்டக்களப்புக்குப் போயிடுவீங்க ரீச்சர். நான்தான் இஞ்ச படுக்கிற."

உள்ளேயிருந்து எஸ்தர் அக்காவின் குரல் வந்தது. "நான் போகல்ல மனே. நான் போனா அவ வந்து பாத்திட்டு ஆரிட்டக் கேப்பா? வாயில்லாத மனுசி."

அந்த நேரம் கடைக்காரப் பெண் வேலிக்கு அங்கால் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "மோகன் தம்பி, இவதான். இந்த அம்மாதான் வாற" என்று என்னைக் காட்டினார்.

மோகன் என்னைப் பார்த்தார். நல்ல பிள்ளை, முகத்தில் நித்திரை இல்லாத களைப்பு. "அம்மா, உண்மையச் சொல்லுங்க. நீங்களா வாறீங்க? நீங்கதான் எண்டா ஒரு பிரச்சினையும் இல்ல. சனத்துக்குச் சொல்லுவன், சபையில இருந்து ஒராள் வாறா எண்டு. அம்மா அவட வீட்டிலயே கிடக்கட்டும். இல்லெண்டா ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோறதுதான்."

ரீச்சருக்குத் தெரியும் நான் வந்ததில்லை என்று. இல்லை என்று சொன்னால் அது உண்மை. அந்த உண்மையால் எஸ்தர் அக்கா தன் வீட்டை விட்டுப் போக வேண்டும். ஓம் என்றால் பொய். நான் கிணற்றுக்குள் பார்த்தேன். என் முகமும் தெரியவில்லை, அவ்வளவு ஆழம்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் இவவோடதான் இரிக்கன்" என்றேன்.

ரீச்சர் குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

"அப்ப நாளைக்கும் வாறீங்கதானே? நானும் நிப்பன். என்ட கண்ணால பாத்திட்டா எனக்கும் நிம்மதி" என்றார் மோகன்.

"வருவன்" என்றேன்.

திரும்பி வருகிற பஸ் மாங்கேணியைத் தாண்டியது. ரீச்சர் என் பக்கம் திரும்பி, "பொய்யா சொன்ன நீ?" என்று கேட்டார்.

"தெரியா ரீச்சர்."

இன்னும் கொஞ்சத் தூரம் போனது. "போன ஞாயிற்றுக்கிழமை உடன்படிக்கை ஆராதனையில எல்லாரும் எழும்பி நிண்டு சொன்னம்தானே, எங்களக் கடவுளுக்கு விருப்பமான இடத்தில வைக்கச் சொல்லி. ஒவ்வொரு வரிசமும் சொல்லுறம். சொல்லிப்போட்டு வீட்ட போய்ச் சோறு தின்னுறம். மெய்யா வைச்சா என்ன செய்யிற எண்டு நான் ஒருநாளும் யோசிக்கல்ல" என்றார். பிறகு தன் சால்வையை எடுத்து என் முழங்காலில் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் தனியாக ஏறினேன். ரீச்சர் வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். ஐந்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு. ஆனால் ஓட்டமாவடிக்கு அங்கால் பஸ்ஸுக்குச் சில்லுக் காற்றுப் போய்விட்டது. மாற்றுச் சில்லிலும் காற்றில்லை. சாரதியும் கண்டக்டரும் ஆளையாள் ஏசிக்கொண்டு நின்றார்கள். கண்டக்டரிடம் நானே போய், "தம்பி, ஆறு மணிக்குள்ள போகலாமா?" என்று கேட்டேன். "கடவுளுக்குத்தான் தெரியும் ஆச்சி" என்றான் அவன்.

பஸ் மறுபடி வெளிக்கிட்டு மாங்கேணி தாண்டும்போது ஆறு மணி. வாவியில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மோகன் வாசலில் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார், நான் இல்லை. எஸ்தர் அக்கா பாயை விரிக்கச் சொல்லியிருப்பார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வழக்கம்போல் கண்ணை மூடினேன். அந்த மனுசி அங்கே இருக்கிறார், நான் பக்கத்தில் இருக்கிறேன். பஸ் குலுங்கியது, பிறகு குலுக்கம் தெரியவில்லை. "ஆச்சி, பனிச்சங்கேணி" என்று கண்டக்டர் தோளில் தட்டும்வரை கண் திறக்கவில்லை.

கடையில் விளக்குக் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் பெண் சாமிப் படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டு நின்றவர், திரும்பி என்னைக் கண்டார். கற்பூரத் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க இப்பதானே உள்ள போனீங்க" என்றார்.

ஒழுங்கையில் நடந்தேன். மணலில் எனக்கு முன்னால் போன கால் அடையாளம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை. நாய் குரைக்கவில்லை. அது கடப்பில் நின்று ஒருதரம் வீட்டைப் பார்த்தது, ஒருதரம் என்னைப் பார்த்தது.

வாசலோரத்து மூட்டை அவிழ்த்துக் கிடந்தது. உடுப்புகள் திரும்பவும் கொடியில் தொங்கின. குசினியில் கரண்டிச் சத்தம் கேட்டது. மோகன் உள்ளேயிருந்தே, "அம்மா, கேட்க மறந்துட்டன், தேத்தண்ணிக்குச் சீனி போடவா?" என்றார். புதிதாக வந்த ஆளிடம் கேட்கிற மாதிரி இல்லை அது. ஏற்கெனவே வந்து இருக்கிற ஆளிடம் கேட்பது. குரலில் நேற்று இருந்த களைப்பு இல்லை.

"போடுங்க தம்பி" என்றேன்.

முன் அறையில் விளக்கு இல்லை. யன்னலால் வந்த வெளிச்சத்தில் எஸ்தர் அக்காவின் வெள்ளைத் தலை மட்டும் தெரிந்தது. பாய் விரித்திருந்தது. என் காலடிச் சத்தத்துக்கு அவர் முகத்தைத் திருப்பி, "வா புள்ள" என்றார். பிறகு பாயின் பக்கம் குனிந்து, மெதுவாக, "கொஞ்சம் அங்கால தள்ளி இரு. இவவும் வந்திட்டா" என்றார்.

நான் போய், கதிரைக்குக் கிட்டின பக்கத்தில், சேலையை ஒடுக்கிக்கொண்டு இருந்தேன். மற்றப் பக்கம் பார்க்கவில்லை.

"ரெண்டு பேர் இரிக்கீங்க. ஆராவது ஒராள் வாய் திறந்து ஜெபம் பண்ணுங்க. எத்தின நாளைக்குத்தான் சும்மா இரிக்கிற" என்றார் எஸ்தர் அக்கா. கண்ணை மூடிக்கொண்டு கைகளை மடியில் வைத்தார்.

காத்திருந்தேன். பாயின் மற்றப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வராது என்று எனக்கு விளங்கியது. ஆதலால் நான் தொடங்கினேன்.