ராணி அழும்போது கடந்து போனவர்

சித்தப்பா கிளம்பிப் போனது ஒரு வியாழக்கிழமை காலை. படப்பிடிப்பு முடிந்து, தெருவில் கொட்டியிருந்த செம்மண்ணை லாரியில் வாரிக்கொண்டு போன மறுநாள். சித்தி தன் இஸ்திரிக் கடையில் டிவி நாடகத்து ராணியின் கடைசிப் பாவாடையை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாச்சு, வரேன்."

"காலிங் பெல்லை மாட்டிட்டுப் போங்களேன். தெருவுல இருக்கிற அத்தனை வீட்டுக்கும் மாட்டினீங்க. நம்ம வீடு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"நம்ம வீட்டுக்கு யாரு பெல் அடிச்சுட்டு வரப்போறா, ராணியா? வந்து மாட்டுறேன்."

ஜெனரேட்டர் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அடுத்த படப்பிடிப்பு மலைப்பக்கம். சித்தப்பாவின் வேலை பிடித்துப்போய், விளக்கு போட ஆள் வேண்டுமென்று டிவிக்காரர்களே கூப்பிட்டிருந்தார்கள். வழியில் நல்ல மழை. ஒரு வளைவில் வண்டி உருண்டது. டிரைவர் பிழைத்துக்கொண்டார், சித்தப்பா பிழைக்கவில்லை.

கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய நகரத்துக்கு அவர்தான் எலக்ட்ரீஷியன். கல் படிகள், வளைவு வாசல்கள், ஒருவர் வந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள் என்று எல்லாம் பல நூறு வருடத்துக்கு முன் கட்டியவை. ஆனால் அவற்றின்மேல் தொங்குவது நம் காலத்துச் சமாச்சாரம்: ஒயர், டிஷ், மீட்டர் பெட்டி, ஏசி. ராஜா காலத்து நாடகம் எடுக்க வந்த டிவிக்காரர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படக்கூடாது. காலையில் அத்தனையையும் கழற்றி, சாயங்காலம் திரும்ப மாட்டுவதுதான் சித்தப்பாவின் வேலை. டீக்கடை அக்கா தினமும் அவரைப் பிடித்துக் கேட்பாளாம்: "அண்ணே, இப்ப எந்தக் காலத்துல இருக்கோம்? ஃப்ரிட்ஜ் போடலாமா, கூடாதா?"

தெருக்காரர்களுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். ஒரு விசில் ஊதினால் காமிரா ஓடுகிறது என்று அர்த்தம். ஜன்னலை மூடிக்கொண்டு அவரவர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ரெண்டு விசில் ஊதினால் முடிந்தது, நடமாடலாம். தப்பித்தவறி யாராவது காமிராவில் விழுந்துவிட்டாலும் பரவாயில்லை என்று, தெருவில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் ஒரு சாம்பல் நிறப் போர்வை அங்கி கொடுத்திருந்தார்கள். சித்தப்பா அதைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறுவதைப் பார்த்து, "சாமியார் மின்சாரம் கொடுக்க வந்துட்டார்" என்று தெருவே சிரித்திருக்கிறது.

சித்தி வீட்டு மாடி ஜன்னலுக்குக் கீழே ஒரு முக்குச் சந்து. தம்பி போரில் செத்துப்போன செய்தி கேட்டு ராணி அங்கேதான் சுவரோடு சாய்ந்து அழ வேண்டும். ஒரு விசில் ஊதினார்கள். தெரு கப்சிப். ராணியாக நடித்த பெண் உண்மையாகவே அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மாடியில் சித்தியின் குக்கர் ரெண்டு விசில் அடித்தது.

அது பழைய குக்கர். அதன் விசில் கீச்சென்று, ஆள் ஊதுகிற மாதிரியே இருக்கும். வளைவு வாசலுக்குப் பின்னால் ஒயர்ச்சுருளோடு காத்திருந்த சித்தப்பா, முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டைப் பார்த்து நடந்தார். அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த சித்தியும் அதையே நினைத்தாள். "ரெண்டு விசில் கேட்டதும் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். நம்ம குக்கர்தான் அடிச்சுதுன்னு மண்டையில ஏறவே இல்ல" என்பாள். ஜன்னலைத் திறந்து, "சாப்பிட வாங்க, ஆறிப்போகுது" என்று கூப்பிட்டாள். சித்தப்பா நிமிர்ந்து மேலே பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, அழுகிற ராணிக்குப் பின்னால் தெருவைக் கடந்து போனார்.

திட்டு விழும் என்று பயந்து, சாப்பாடு இறங்கவில்லையாம் அவருக்கு. ஆனால் டைரக்டர் சொன்னது வேறு. "யாருய்யா அந்த ஆளு? ராணி இடிஞ்சு போய் அழறா, அவன் பாட்டுக்கு சிரிச்சுட்டுப் போறான். ஊருன்னா அப்படித்தான் இருக்கும். இதையே வச்சுக்குவோம்." சித்தியின் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வயலின் சேர்த்தார்கள். அங்கியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கையில் தங்க நிறப் பட்டையோடு வாட்ச் மின்னியதை ஒருவரும் கவனிக்கவில்லை.

நாடகம் ஒளிபரப்பானபோது சித்தப்பா போய் மாதங்கள் ஆகியிருந்தன. சித்தி, ராணியின் பாவாடை தான் தேய்த்ததுதானா என்று பார்க்கத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தாள். அவர் நடந்து வந்தார். மேலே பார்த்தார். சிரித்தார். கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கவில்லை. அவருடைய போனில் டார்ச்சும் ரேடியோவும்தான் உண்டு. அசைகிற சித்தப்பா என்று இந்த உலகத்தில் இருப்பது அவ்வளவுதான்.

நான் அப்போது எங்கோ தூரத்தில் இருந்தேன். மொழி தெரியாத ஊரில், ஒரு விடுதியின் பொதுக்கூடத்து டிவியில், அந்த ஊர் பாஷையில் ராணி அழுதுகொண்டிருந்தாள். பின்னால் சித்தப்பா போனார். "எங்க சித்தப்பா! எங்க சித்தப்பா!" என்று நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

புரியாவிட்டாலும் உலகம் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. பிழை கண்டுபிடிப்பதற்கென்றே நாடகம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்ட படம் போன் போனாகப் பரவியது. 'வாட்ச்காரர்' என்று பெயர் வைத்தார்கள். எதிரி நாட்டு ஒற்றன், ஜன்னலில் இருக்கும் ஆளுக்கு ஜாடை காட்டுகிறான் என்றார் ஒருவர். வருங்காலத்திலிருந்து வந்தவன் என்றார் இன்னொருவர். அப்புறம் நேரில் பார்க்கவே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

நான் ஊர் திரும்பி சித்தியின் மாடி அறையில் தங்கியபோது, அவள் காலையில் துணி தேய்த்து, மதியத்துக்கு மேல் அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறவளாக மாறியிருந்தாள். நானும் கூடப் போவேன். எத்தனையோ ஊர்களில் வழிகாட்டிகள் பின்னால் நடந்திருக்கிறேன். சித்தி மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்லை.

"இதுதான் ராணியோட படுக்கையறை" என்று பல் டாக்டர் கிளினிக்கைக் காட்டுவாள். "உள்ள போகணும்னா ஒரு பல்லைக் கொடுக்கணும். பரவாயில்லையா?" பாதாளச் சிறை என்பது நகராட்சியின் உடைந்த நாற்காலிகள் கிடக்கும் அறை. ராணி கோட்டையிலிருந்து குதித்த இடத்துக்குக் கீழே முடிதிருத்தும் கடையின் பின்கட்டு. குதித்தவள் விழுந்தது தெருவில் வீடு வீடாக வாங்கி அடுக்கிய மெத்தைகள்மேல். "மேலிருந்து மூணாவது மெத்தை எங்க வீட்டுது" என்பாள் சித்தி பெருமையாக.

கடைசியில் முக்குச் சந்து. ஒருநாள் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருந்தது. பெண் சுவரோடு சாய்ந்து ராணி மாதிரி அழுவதாக நடிக்க, கணவன் கையைத் தூக்கி வாட்சைக் காட்டிக்கொண்டு பின்னால் நடந்தான்.

"இன்னும் கொஞ்சம் அசட்டுத்தனமா சிரிங்க" என்றாள் மனைவி, போனைப் பிடித்திருந்த என்னைப் பார்த்தபடியே.

"இதுக்கு மேல எப்படி?"

"உங்களுக்கு அது தானா வரும், முயற்சி பண்ண வேண்டாம்."

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "தம்பி, அவர் மேல பார்த்துட்டுப் போவார். நீங்க கீழ பார்க்குறீங்க. அந்த ஜன்னலைப் பாருங்க." அவன் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு திரும்பவும் நடந்தான். ஜன்னல் மூடியிருந்தது. சித்தி அந்த ஜன்னலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. "உன் வீட்டுக்காரர்னு ஒரு வார்த்தை சொல்லேன் சித்தி. அசடு, அது இதுங்கறாங்க."

"சொன்னா சிரிக்க மாட்டாங்கடி. மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு, அய்யோ பாவம்னு போயிடுவாங்க. உங்க சித்தப்பாவுக்கு அது பிடிக்குமா? அவர் இருக்கிற இடத்துல நாலு பேர் சிரிக்கணும்."

அவர் இருக்கிற இடம் என்றாள். இருந்த இடம் என்று சொல்லவில்லை.

அடுத்த சில வாரங்களில் வந்த ஒரு பெண்மணிதான் அந்தச் செய்தியைச் சொன்னார். நாடகத்தைப் பற்றிய எல்லாத் தகவலையும் விரல் நுனியில் வைத்திருப்பவர். "நல்லவேளை, இப்பவே பார்த்துட்டேன். டிவிக்காரங்க மொத்த நாடகத்தையும் சுத்தம் பண்ணி, கலரெல்லாம் பளிச்சுனு புதுசா விடப்போறாங்க. தப்பெல்லாம் திருத்தறாங்களாம். பழசை எடுத்துடுவாங்க. உங்க வாட்ச்காரருக்கு டாட்டாதான்."

சித்தி, "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். வழக்கம்போல மெத்தைக் கதையைச் சொன்னாள். வீட்டுக்கு வந்து ஒரு சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த சட்டைக்கையையே மறுபடி தேய்த்தாள். பெட்டி சூடு ஆறியும் நிறுத்தவில்லை.

அன்றைக்கே நான் அந்தக் காட்சியை போனில் பதிவு செய்து அவளிடம் நீட்டினேன். "இதோ பார் சித்தி. இது உன்கிட்டயே இருக்கும். யாரும் அழிக்க முடியாது."

அவள் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பெட்டிக்குள்ள வச்சுக்க போட்டோ இருக்கேடி, நிறைய. இதுல அவர் வெளியில நடந்துட்டு இருக்கார். எந்த ஊர்லயோ, யார் வீட்லயோ, இப்பக்கூட யாராவது போட்டுப் பார்ப்பாங்க. பார்க்கறப்பல்லாம் அவர் சாப்பிட வந்துட்டு இருப்பார். அதை நிறுத்திடுவாங்களா?"

டிவி நிலையத்துக்கு போன் போட்டேன். ஒரு பெண் குரல் வேறு பெண் குரலிடம் தள்ளியது. அது ஒரு எண்ணைக் கொடுத்து, ரசிகர்கள் கருத்தை அதில் அனுப்பலாம் என்றது. நீளமாக ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த சித்தி, "என்னடி இது, நீதிபதிக்கு எழுதற மாதிரி? கொடு இங்க, நானே பேசறேன்" என்று போனை வாங்கினாள். குரல் பதிவை நான் அழுத்திக் கொடுக்க, வாய்க்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில் பேசினாள்:

"ஹலோ. நான் முக்குச் சந்து இஸ்திரிக் கடையில இருந்து பேசறேன். உங்க ராணி துணியெல்லாம் நான்தான் தேய்ச்சேன். வாட்ச்காரர்னு சொல்றீங்களே, அவர் என் வீட்டுக்காரர். இப்ப இல்ல. வாட்ச் நான் வாங்கிக் கொடுத்தது. கழட்டுங்கன்னா கேட்க மாட்டார். சும்மா சும்மா பார்த்து நேரமாச்சு, நேரமாச்சுன்னு கிளம்பிட்டே இருப்பார். ராஜா காலத்துல வாட்ச் கிடையாது, அது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அவர் நடந்தது தப்பில்ல. என் குக்கர் விசில் அடிச்சுது, நான் கூப்பிட்டேன், வந்தார். அவ்வளவுதான். அவரை எடுத்துடாதீங்க. வச்சிடறேன்."

பதில் வரவில்லை. புது நாடகம் இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்று தள்ளிக்கொண்டே போனது. பழையதை ஒருநாள் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். போனில் அதைத் தேடிய இடத்தில், 'விரைவில் புதுப்பொலிவுடன்' என்று ராணியின் முகம் மட்டும் இருந்தது. சித்தி வருகிறவர்களை முக்குச் சந்துக்குக் கூட்டிப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் அங்கே நிற்கும் நேரம் குறைந்துபோனது. காலிங் பெல் மாட்ட வேண்டிய இடத்தில் ரெண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே போகும்போது அவற்றை ஒருமுறை தொட்டுவிட்டுப் போவாள். மாட்டிக் கொடுக்கிறேன் என்று நான் சொன்னபோது, "உனக்கு ஷாக் அடிக்கும், போடி" என்றாள்.

நானும் கிளம்பினேன். ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது. வேறு ஊரில் வேலை, பிறகு இன்னொரு ஊர். விடுப்பு கிடைத்தபோது சித்தி வீட்டுக்கு வந்திருந்தேன். நாங்கள் அனுப்பியதையே மறந்துபோயிருந்த ஒரு பிற்பகலில், என் போனில் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது. சித்தி கையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தாள். உரக்கப் படித்தேன்.

'அம்மா, வணக்கம். நாடகத்தைத் திருத்துற வேலை பார்க்கறவங்கள்ல நானும் ஒருத்தி. உங்க குரலை ஆபீஸ்ல ஒருத்தர் எனக்கு அனுப்பினாங்க. அந்த ஆளையே எடுத்துடுன்னுதான் சொல்லியிருந்தாங்க, அதுதான் சுலபமும்கூட. நான் வாட்சை மட்டும் எடுத்தேன். அதனால நாள் ஆச்சு. அவர் நடந்து வர்றார், மேல பார்த்துச் சிரிக்கிறார், எல்லாம் இருக்கு. இன்னிக்கு வெளியாகுது, பாருங்க.'

சித்தி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். போட்டுப் பார்த்தோம். ராணி அழுதாள். பின்னால் அவர் வந்தார், முன்னைவிடத் தெளிவாக, கன்னத்து மச்சம் தெரிகிற அளவுக்கு. அங்கியிலிருந்து நீட்டிய கை வெறுமையாக இருந்தது. நிமிர்ந்து சிரித்துவிட்டுப் போனார்.

"வாட்ச் இல்லாம இனிமே அவரை யாரு சித்தி தேடி வருவா?" என்றேன்.

"யாரும் வர வேண்டாம். தெருவுல போற ஆளா போகட்டும்." திரும்பவும் போடச் சொல்லி, அந்த வெறும் மணிக்கட்டையே பார்த்தாள். "அதுவும் நல்லதுக்குத்தான். இனிமே நேரமாச்சுன்னு கிளம்ப முடியாதுல்ல."