பூஜையில் வைத்த வண்டி

என் முதல் வண்டிக்கு மூன்று சக்கரம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. சைக்கிளில் காலுக்குக் கீழே இருக்கிற பெடல் இதில் நெஞ்சுக்கு நேரே இருக்கும். இரண்டு கையாலும் சுற்றினால் செயின் முன் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போகும். சண்டை முடிந்து துரைமார்கள் ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அடையாற்றில் ஒரு பங்களாவில் கட்டில், பீரோ, கண்ணாடிச் சாமான்களோடு இதையும் ஏலத்துக்குப் போட்டிருந்தார்கள். இதில் உட்கார்ந்து கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் கப்பலேறிவிட்டாராம்.

எனக்கு வலது கால் சூம்பிப்போனது சின்ன வயதில், இளம்பிள்ளை வாதத்தில். மந்தைவெளியில் வீடு, லஸ் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. நடுவில் இருக்கிற கொஞ்ச தூரத்துக்கு மாசக் கூலிக்கு ஒரு கைரிக்‌ஷா வைத்திருந்தோம். ரிக்‌ஷாக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் வாய் இருக்கிறதே, அது ஓட்டை. நான் எங்கே இறங்கினேன், யாரோடு நின்று பேசினேன் என்பதெல்லாம் நான் வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் அம்மா காதுக்குப் போய்விடும். "சின்னம்மா இன்னிக்கு லஸ்ல ரிப்பன் வாங்கிச்சும்மா" என்பார். ரிப்பன் வாங்குவதுகூட ஒரு ரகசியமாக முடியாத பிழைப்பு!

அதனால்தான் எனக்குச் சொந்த வண்டி வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு என்று வீட்டில் சொன்னேன். நிஜத்தில் மாம்பலத்துக்கு. அங்கே என் அக்கா இருந்தாள்.

அக்கா வேறு ஜாதிக்காரரை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அப்பா அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டார். பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார், அவர் போட்ட சட்டம் மட்டும் போகவில்லை. "அவ பேச்சை இந்த ஆத்துல எடுக்கப்படாது" என்று அம்மா அதைக் காத்துக்கொண்டிருந்தாள். அக்கா மட்டும் லேசுப்பட்டவளா? அம்மா வாயால் "வா" என்று சொல்லாமல் அந்த வாசப்படியை மிதிப்பதில்லை என்று அவளுக்கும் ஒரு வீம்பு. இரண்டு பேருக்கும் நடுவில் நான், ஒற்றைக் காலோடு.

ஏலச் செய்தியைக் கொண்டுவந்தவள் எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். அவளுக்கு மாம்பலத்தில் அக்கா வீட்டுக்கு அடுத்த தெரு. அக்காவின் வீட்டுக்காரர் அடையாறு பக்கம் போனபோது வண்டியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம். சேர்த்து வைத்திருந்த சம்பளத்தை அப்படியே கொடுத்து வாங்கிவிட்டேன்.

வண்டி வாசலுக்கு வந்த அன்று அம்மா போட்ட கூச்சல் தெப்பக்குளம் வரைக்கும் கேட்டிருக்கும். "பொம்மனாட்டி தெருவுல வண்டி ஓட்டிண்டு போறதாவது! நாலு பேர் என்ன சொல்லுவா?" நாலு பேர் என்ன, நாற்பது பேர் சொன்னார்கள். பையன்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். மாடவீதி முனையில் மூச்சு வாங்க நின்றபோது ஒரு பெரியவர் பரிதாபப்பட்டு என் மடியில் காலணா போட்டுவிட்டு நடந்தார். எனக்கு வந்ததே கோபம்! விரட்டிக்கொண்டு போய் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "நான் டீச்சர். உங்க பேத்தி இருந்தா அனுப்புங்கோ, கணக்கு சொல்லித் தரேன்" என்றேன். பாவம், மனுஷர் அதற்கப்புறம் என்னைக் கண்டாலே எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

வாங்கினதோடு முடிந்ததா? யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். கடல் காற்றுக்கு செயின் துருப்பிடிக்கும். சீமை வண்டியாதலால் ஒரு கம்பி ஒடிந்தால் அந்த அளவில் வேறு கம்பி மந்தைவெளியில் கிடைக்காது. டியூபில் ஒட்டுமேல் ஒட்டு. வாராவாரம் துடைத்து எண்ணெய் போட நானே கற்றுக்கொண்டேன். கழன்ற செயினை மாட்டவும் வந்துவிட்டது. பெரிய ரிப்பேர் என்றால் எங்கள் தெருக்கோடி சைக்கிள் கடைக்காரர். அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, இத்த வித்த தொரை சிரிச்சிக்கினே போயிருப்பான்" என்பார்.

சிரிக்கட்டும். சனிக்கிழமை மத்தியானம் ஆழ்வார்ப்பேட்டை வழியாகத் தேனாம்பேட்டை தாண்டி, தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி சுற்றிக்கொண்டு போய் அக்கா வீட்டு வாசலில் மணி அடிக்கும்போது, ராணிக்குக்கூட அந்த மகிழ்ச்சி இருந்திருக்காது. அக்கா ஓடிவந்து முதலில் என் உள்ளங்கையைத்தான் பிரித்துப் பார்ப்பாள். காய்த்துப் போயிருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "அம்மா எப்படிடி இருக்கா?" என்பாள். அதைக் கேட்காத சனிக்கிழமை கிடையாது. அம்மாவிடம் நான் சொல்லி வைத்தது, படிப்பு வராத பெண்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வண்டியும் மெல்ல அவளுக்குப் பழகிவிட்டது. திட்டிக்கொண்டே வாசலில் பலகை போட்டு இறக்கிவிடுவாள், ஏற்றிவிடுவாள்.

அடுத்த வருஷ நவராத்திரியில் தையல் டீச்சர் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்தாள். அம்மா சுண்டல் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து என் காதில் சொன்னாள். அக்காவின் வீட்டுக்காரருக்கு மலாயாவில் வேலை கிடைத்துவிட்டது, சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் கப்பல். "எப்படியாவது உங்களை ஒரு தடவை பார்த்துடணும்னு அழறாங்க. இன்னைக்கே அவங்களைப் பார்ப்பேன், என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"நான் வரேன்னு சொல்லு." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறக்கிறேன், அம்மா சுண்டல் தொன்னையோடு வந்து நிற்கிறாள். தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ஆட்டலை டீச்சர் என்னவென்று எடுத்துக்கொண்டாளோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்ததால் மறுபடி அவளைப் பார்க்கவும் வழியில்லை, ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லி முன்னாலேயே மாம்பலம் போகவும் வழியில்லை.

பூஜைக்கு முதல் நாள் செயின் ரொம்பத் தொங்கியது. கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். "கடைக்கு சுண்ணாம்பு அடிச்சிக்கினு கீறோம்மா. பூஜை முடிஞ்சி கொண்டா, ஒரு கண்ணி எடுத்துட்டா டைட்டாயிடும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நாளைக்கு எவன் வண்டி எடுப்பான் என்று அவர் நினைத்திருப்பார்.

ஏனென்றால் சரஸ்வதி பூஜையன்று வண்டி நகராது. புஸ்தகம் படிக்கக் கூடாது, ஆயுதத்தைத் தொடக் கூடாது. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம். காலையில் அம்மா என் பாடப் புஸ்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்துவிட்டு, வண்டி நிற்கிற ரேழிக்கு வந்தாள். நான் கேட்கவேயில்லை. வண்டியைத் துடைத்து, மூன்று சக்கரத்துக்கும் பொட்டு வைத்து, சாமந்தி மாலை கட்டி, கற்பூரம் காட்டினாள். "நன்னா உழைக்கறது பாவம், இன்னிக்கு ஒருநாள் அதுவும் உட்காரட்டும்" என்றாள். தெருவில் இறங்கி ஒரு குதிரை வண்டி பிடிக்கலாமா என்று எட்டிப் பார்த்தேன். ஊரில் உள்ள குதிரை வண்டி, ரிக்‌ஷா எல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றன. என் காலை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுவது நடக்கிற காரியமில்லை.

அம்மா பக்கத்து வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வாங்கப் போன சமயம், அம்பாளே மன்னிச்சுக்கோ என்று மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். நானே பலகையைப் போட்டு, வண்டியை இறக்கி, கிளம்பிவிட்டேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் சந்தனப் பொட்டோடு ஓடுகிற வண்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

மாம்பலத்தில் அக்கா வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்து என்னைக் கண்டதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! சாமானோட அவர் முன்னாடியே ஹார்பருக்குப் போயிட்டார். அக்கா உங்க வீட்டுக்கில்ல வந்தாங்க! 'பூஜையன்னிக்கு அவ வண்டி நகராது, அவளால வர முடியாது, வீட்டுலதான் இருப்பா. கூப்பிடலைன்னாலும் நானே போய்ப் பார்த்துட்டு அப்படியே கப்பலுக்குப் போறேன்'னு பஸ்ஸுக்கு ஓடினாங்களே!"

என் வாழ்க்கையில் ஒரே ஒரு பூஜையைத்தான் நான் மீறினேன். மீறமாட்டேன் என்று நம்பித்தான் அவள் கிளம்பியிருக்கிறாள்.

திருப்பினேன் வண்டியை. சுற்றினேன், சுற்றினேன், அப்படிச் சுற்றினேன். தேனாம்பேட்டையில் செயின் அறுந்தது. கழன்றிருந்தால் மாட்டியிருப்பேன், அறுந்ததற்கு என்ன செய்வது? எதிரிலேயே ஒரு சைக்கிள் கடை, ஆனால் ஸ்பேனரும் சுத்தியலும் சாமி படத்துக்கு முன்னால் பூவோடு கிடந்தன. "இன்னிக்கு அதுல கை வெக்க மாட்டேன் தாயி" என்றார் கடைக்காரர். "உன் வண்டிக்கே சந்தனம் வெச்சி கீதே, நீ எப்டி எடுத்துக்கினு வந்தே?" நான் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். அவர் பூவை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "சாமி என்னைக் கேட்டா உன் பேரைச் சொல்லிடுவேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே சாப்பிட்ட இலை ஒன்று, எடுக்காமல் கிடந்தது.

"வந்தாடி" என்றாள் அம்மா. "வாசல்லயே நின்னா. எனக்கு மனசு கேக்கலை, வான்னுட்டேன். சாப்பிட்டா. உனக்காக வாசலைப் பாத்துண்டே உக்காந்திருந்தா. கப்பலுக்கு நாழியாச்சுன்னு இப்பத்தான் போனா, அரைமணி ஆகலை."

ஹார்பருக்கு எந்த வண்டியில் போவது? என் கைகள் அப்போது தூக்கவே வரவில்லை. அக்காவை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. மலாயாவில் இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள்.

"நீ எங்கேடி தொலைஞ்சே, பூஜையும் நாளுமா?" என்று அன்றைக்குக் கேட்டாள் அம்மா.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவளைப் பார்க்கத்தான் மாம்பலம் போனேன் என்றேன். ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம் பொய், சனிக்கிழமை தோறும் அங்கேதான் போனேன் என்றும் சொன்னேன். அடி விழும், குறைந்தது அப்பா பெயராவது வரும் என்று காத்திருந்தேன்.

அம்மா செயின் எண்ணெய் படிந்த என் கையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லப்படாதோடி? உன் வண்டி பின்னாடியே நானும் நடந்து வந்திருப்பேனே" என்றாள்.