அடுத்த டிஸ்க்குக்குள் போகாதே

பக்கத்து அறையில் துளையிடும் இயந்திரம் உறுமியது. சுவர் அதிர்ந்தது. உறுமல் அடங்கியதும் கனமான எதுவோ இரும்புப் பெட்டிக்குள் ‘டங்’கென்று விழுந்தது.

“என்னடி இது, பல் டாக்டரை மாடிக்கு மாத்திட்டாங்களா?” என்று சிரித்தாள் அண்ணி. அவள் மடியில் இருந்த சின்னப் பெண் காதுகளைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் அந்தக் குழந்தைக்கு ‘வாலு’ என்று பெயர். பெயருக்கேற்ப ஓடியாட அவளுக்கு ஆசைதான். நாலு எட்டு ஓடினாலே உதடு நீலமாகிவிடும்.

கணினியின் முன்னால் இருந்தவள் சிரிக்கவில்லை. அண்ணியின் கணவனுக்கு ஒரே தங்கை அவள். அந்த மருத்துவமனையின் ஒரே புரோகிராமர். திரையில் ‘குழந்தைகள் இதயப் பிரிவு’ என்ற ஃபோல்டரை அப்போதுதான் திறந்திருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. மூடினாள், மறுபடி திறந்தாள். ஒரு படம், ஒரு எழுத்து, எதுவுமே இல்லை!

“கிடைச்சுதா?” என்றாள் அண்ணி.

“தேடிட்டிருக்கேன் அண்ணி. கொஞ்சம் இருங்க.”

குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள். 

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ‘டபுள்செக்’. மெயில் அனுப்பிவிட்டு, வந்ததா என்று போன் செய்து கேட்பவள். மாடியிறங்கி வாசல்வரை போய்விட்டு, விளக்கை அணைத்தோமா என்று பார்க்க மீண்டும் ஏறி வருபவள். “என் தங்கச்சி அவ நிழலுக்கே வழி விட்டு ஒதுங்கி நிப்பா” என்பான் அண்ணன். அப்பா போனபிறகு தன் படிப்பைப் பாதியில் விட்டு அவளைப் படிக்க வைத்தவன் அவன். கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு.

அப்படிப்பட்ட அண்ணன் முதல்முறையாக அவளிடம் ஒன்று கேட்டிருந்தான். வாலுவுக்கு இரண்டாவது ஆபரேஷன், வேறு ஊரில், பெரிய டாக்டரிடம். அந்த டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பிறந்த புதிதில், முதல் ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த ஸ்கேன் வேண்டும். அப்போது அந்த இதயம் எப்படி இருந்தது என்று பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டார். அந்த ஸ்கேன் இதே மருத்துவமனையில்தான் எடுக்கப்பட்டது. “நீ அங்கதானே இருக்கே, எனக்கென்ன கவலை?” என்று சொல்லிவிட்டு அண்ணன் பெட்டிகளோடு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டான். மாலையில் ரயில்.

அந்த ஸ்கேன் எங்கே?

மருத்துவமனையின் பழைய சர்வருக்கு ஓய்வு கொடுத்து அனுப்ப முடிவானபோது, அதிலிருந்த எல்லாவற்றையும் கட்டிப் பத்திரப்படுத்தும் ஆர்க்கைவ் புரோகிராமை எழுதும் பொறுப்பு அவளுக்கு வந்தது. முழுவதையும் அவளே எழுதவில்லை. டிஸ்க்கைப் படிப்பதற்கென்று யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு, ஒரு லைப்ரரி, உண்டு. வீடு மாறும்போது அறை அறையாகப் போய் ஒவ்வொரு சாமானுக்கும் சீட்டு ஒட்டுகிறவரைப் போல, அதன் ஃபங்ஷன்கள் ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கிப் போகும். ஒவ்வொரு ஃபைலையும் நிறுத்தி விசாரிக்கும். உன் பெயர் என்ன, எவ்வளவு பெரியவன், கடைசியாக உன்னை எப்போது தொட்டார்கள், நீ யாருக்குச் சொந்தம்? சொந்தக்காரருக்கு டிஸ்க்கில் வெறும் எண்தான் இருக்கும். அந்த எண்ணுக்குரிய பெயரைத் தேடித் தர இன்னொரு ஃபங்ஷன். எல்லாவற்றையும் சீட்டில் எழுதி ஒட்டிய பிறகுதான் ஃபைல் கட்டுக்குள் போகும்.

அந்த லைப்ரரியில் ஒரு கட்டளை உண்டு. அடுத்த டிஸ்க்குக்குள் போகாதே.

முதல் சோதனையில் அவள் அதைப் போடவில்லை. புரோகிராம் சர்வரோடு இணைந்திருந்த பேக்கப் டிஸ்க்குக்குள் நுழைந்து, தான் கட்டிய கட்டையே மறுபடி கட்ட ஆரம்பித்து, இடமெல்லாம் நிரம்பி, மருத்துவமனையின் பில் கவுண்டர்வரை நின்றுபோனது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார். அன்று வீட்டுக்குப் போய் அவள் சாப்பிடவில்லை. மறுநாள் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டளையைப் போட்டாள். எல்லை தாண்டாத புரோகிராம்! அவளைப் போலவே.

இப்போது கட்டுக்குள் இருந்த அந்த வெற்று ஃபோல்டரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு விளங்கியது. இதயப் பிரிவின் படங்கள் பெருகிப் பழைய டிஸ்க் நிறைந்தபோது, அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவர் புதிதாக ஒரு டிஸ்க்கை வாங்கி அந்த ஃபோல்டரில் பொருத்தியிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் அது மற்றவற்றைப் போல ஒரு ஃபோல்டர். உள்ளே காலை வைத்தால் அது வேறு டிஸ்க். அவளுடைய புரோகிராம் வாசல்வரை போயிருக்கிறது. வாசலின் பெயரை எழுதியிருக்கிறது, தேதியை எழுதியிருக்கிறது, சொந்தக்காரரை எழுதியிருக்கிறது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறது.

சரிபார்க்கவில்லையா என்றால், பார்த்தாள். இருமுறை பார்த்தாள். ஆனால் கட்டில் உள்ளதையும் டிஸ்க்கில் உள்ளதையும் ஒப்பிட அவள் எழுதிய சோதனையும் அதே லைப்ரரியால், அதே கட்டளையோடு நடந்தது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் குருடு. பிறகு எப்படி வித்தியாசம் தெரியும்?

பக்கத்து அறையில் மறுபடி உறுமல். மறுபடி ‘டங்’.

ஐயோ! பழைய டிஸ்க்குகள்!

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஓடினாள்.

பழைய டிஸ்க்குகளைத் துளையிட்டு அழிக்க ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர், காதில் பஞ்சும் மூக்கில் கண்ணாடியுமாக மேசைமுன் நின்றிருந்தார். இரும்புப் பிடியில் ஒரு டிஸ்க் கவ்வப்பட்டிருந்தது. முனை அதன் மூடியைத் தொட்டுச் சுழன்றுகொண்டிருந்தது.

“நிறுத்துங்க! சார், நிறுத்துங்க!”

அவர் முனையை மேலே தூக்கிவிட்டுப் பஞ்சை எடுத்தார். “என்ன மேடம்? கரண்ட் போச்சா?”

“இதெல்லாம்… இன்னும் ஒரு தடவை பார்க்கணும்.”

“பார்த்தாச்சுன்னுதானே என்னைக் கூப்பிட்டாங்க? நான் போய் அடுத்த இடத்துல வேலை பார்க்கணும். உங்க மேனேஜர் சொல்லட்டும், நிறுத்தறேன். எனக்கென்ன, இதுங்க மேல கோபமா?”

போனை எடுத்தாள். மேனேஜர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். குரலில் எரிச்சல்.

“சார், டிஸ்க் அழிக்கிறதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்றீங்களா? சும்மா… இன்னொரு தடவை செக் பண்ணிக்கலாம்னு.”

“ஆரம்பிச்சுட்டியா? அம்மா, உன் டபுள்செக்கை நான் இன்னிக்கா பார்க்கிறேன்? எல்லாம் முழுசா வந்துடுச்சுன்னு நீதானே சொன்னே? அந்த ஆள் வேலையை முடிக்கட்டும். நீ போய் ஒரு காபி குடி.”

“சார்…”

“வைக்கிறேன்.”

வாழ்நாளெல்லாம் ஒன்றுமில்லாததற்கு அஞ்சியவள், உண்மையான ஆபத்து வந்து நிற்கும்போது சொன்னால் யார் நம்புவார்கள்? துளையிடுபவர் பஞ்சை மறுபடி காதில் வைக்கப் போனார். கதவருகே நிழல் தெரிந்தது. வாலுவைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணி நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

அண்ணியைப் பார்த்ததும் அவள் சட்டென்று கையை நீட்டி, பிடியில் இருந்த டிஸ்க்கின் மேல், துளையிடும் முனைக்கு நேர் கீழே, உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

“மேடம்! கையை எடுங்க! பைத்தியமா உங்களுக்கு?” துளையிடுபவர் பதறி மின்கம்பியையே பிடுங்கிவிட்டார்.

மறு கையால் மறுபடி போன் செய்தாள். மேனேஜர் எடுத்ததும் பேச விடவில்லை.

“முழுசா வரல சார். குழந்தைகள் ஹார்ட் ஸ்கேன் ஒண்ணுகூட வரல. அது வேற டிஸ்க்ல இருந்துச்சு. அடுத்த டிஸ்க்குக்குள்ள போகாதேன்னு நான்தான் போட்டேன். செக் பண்ணினதும் தப்பா பண்ணினேன். தப்பு என்னோடதுதான் சார். இப்ப நிறுத்தலேன்னா எல்லாம் போயிடும்.”

மறுமுனையில் கதவு மூடும் சத்தம் கேட்டது.

“என்ன சொல்றே நீ?” என்றார் கடைசியில். பிறகு, மிக மெதுவாக, “போனை அவர்கிட்ட குடு” என்றார்.

துளையிடுபவர் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், போனைத் திருப்பித் தந்தார். “நிறுத்தச் சொல்லிட்டாரு. அவரும் கிளம்பி வர்றாராம்.”

“என் குழந்தையோட படம்?” என்றாள் அண்ணி. அது கேள்வியாகவே இல்லை.

அவளால் அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “இதுல எதுலயாவது இருக்கணும் அண்ணி. இல்லேன்னா…” கண் தானாக இரும்புப் பெட்டியின் பக்கம் போனது. துளை விழுந்த டிஸ்க்குகள் அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

“எது எந்த டிஸ்க்னு தெரியாதா சார்?”

“எனக்கெப்படித் தெரியும் மேடம்? எல்லாம் ஒரே அச்சு. மேல ஒட்டின சீட்டெல்லாம் எழுத்து அழிஞ்சு வெள்ளையா இருக்கு. கழட்டினேன், அடுக்கினேன், அவ்வளவுதான்.”

பிடியில் இருந்ததைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அதன் மூடியில் முனை கடித்த பள்ளம் புதிதாக மின்னியது. அதில்தான் படம் இருந்து, அது கெட்டுப்போயிருந்தால்? கை மேசையில் இருந்த வேறொன்றை நோக்கிப் போயிற்று.

“ஏன் சுத்தி வளைக்கிறே? இதை முதல்ல பாரு” என்று அண்ணி அதட்டினாள். பள்ளம் விழுந்ததைக் கழற்றி அவள் கையில் திணித்தாள்.

அவள் மேசையில் மிச்சமிருந்த இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு தன் அறைக்கு ஓடி வந்து, முதலில் அதைக் கணினியில் செருகினாள். அண்ணியும் துளையிடுபவரும் பின்னாலேயே வந்தார்கள். டிஸ்க் சுழன்றது, திறந்தது. மருந்தகத்தின் பழைய கணக்குகள். இது இல்லை. மூச்சு வந்தது, அடுத்த கணமே மறுபடி நின்றது. இதில் இல்லையென்றால், பெட்டிக்குள் இருப்பவற்றில் இருந்தால்?

அடுத்தது, ரத்தப் பரிசோதனைக் கூடம். அதுவும் இல்லை.

கடைசியாக மிச்சமிருந்ததைச் செருகினாள். சத்தமே இல்லை. டிஸ்க்கின்மேல் காதை வைத்தாள், நெஞ்சில் காது வைத்துத் துடிப்பைத் தேடுகிறவளைப் போல. எங்கோ ஆழத்தில் ‘டிக்’. பிறகு நீண்ட அமைதி. மறுபடி ‘டிக்’. அந்த அறையில் யாரும் அசையவில்லை. துளையிடுபவர்கூடக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அத்தை, உன் கை ஏன் ஆடுது?” என்றாள் வாலு.

“குளிருது கண்ணு.”

டிஸ்க் முனகியது. இழுத்து இழுத்து, மெல்லச் சுழலத் தொடங்கியது. திரையில் ஒரு ஃபோல்டர், பிறகு இன்னொன்று, பிறகு மளமளவென்று ஆண்டுகளும் மாதங்களும் குழந்தைகளின் பெயர்களும்.  வாலு பிறந்த மாதத்தைத் தேடித் திறந்தாள்.

சாம்பல் நிறப் புகைக்குள் ஒரு சின்ன இதயம் படக் படக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

“இது யாரு?” என்றாள் வாலு.

“நீதான்டி செல்லம்.”

“சீ! நான் இவ்வளவு அசிங்கமாவா இருந்தேன்?”

துளையிடுபவர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின.

படத்தைப் பென் டிரைவில் ஏற்றி, பென் டிரைவிலிருந்தே திறந்து ஓட்டிப் பார்த்தாள். இதயம் அடித்தது. அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி வாங்கிக் கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“எங்கிட்ட ஏன் மறைச்சே? தேடிட்டிருக்கேன்னு எவ்வளவு சாதாரணமா சொன்னே!”

“பயமா இருந்துச்சு அண்ணி.”

“நான் இன்னிக்கு வந்து கேட்காம இருந்திருந்தா?”

அண்ணி திரையைக் காட்டினாள்.

“எம் பொண்ணுக்கு நீ இருந்தே. அதுல எவ்வளவு குழந்தைங்க பேரு ஓடுச்சு, பார்த்தேனே. அவங்க அம்மாங்க யாரும் இந்த நாற்காலியில வந்து உக்காரலையேடி.”

அண்ணி கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். ஆனால் அண்ணி அதைத் தணிந்த குரலில் சொன்னாள். அதுதான் நெஞ்சைப் பிளந்தது. அந்த அம்மாக்கள் எங்கெங்கோ, ஒன்றும் தெரியாமல், குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பார்கள்.

நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். புரோகிராமைத் திறந்தாள். அந்தக் கட்டளையைத் தேடி நீக்கினாள். கணினியோடு இணைந்திருந்த பேக்கப் டிஸ்க்கின் கம்பியைக் கையாலேயே பிடுங்கி, தரையில் வைத்தாள். பிறகு, கட்டைத் தன் கணினியிலேயே எழுதும்படி ஓட விட்டாள். ஃபைல்களின் பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. டிஸ்க் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அது நின்றுவிட்டால்? அந்த ‘டிக்’ மறுபடி கேட்கிறதா? காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

“நாங்க கிளம்பறோம்” என்றாள் அண்ணி. “ரயிலுக்கு நேரமாச்சு.”

“நானும் ஸ்டேஷனுக்கு வர்றேன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருந்தேன்…”

“எப்படி வருவே? இதை விட்டுட்டா? உக்காரு. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“என்னன்னு சொல்வீங்க?”

அண்ணி யோசித்தாள். “நடந்ததைச் சொல்லுவேன். வேற என்ன சொல்ல? திட்டுவாரு. திட்டட்டும்.”

வெளியே லிஃப்ட் வந்து நிற்கும் மணி கேட்டது. மேனேஜரோ? அவள் பாதி எழுந்துவிட்டாள். வேறு யாரோ, பேசிக்கொண்டே தாழ்வாரத்தில் கடந்து போனார்கள்.

“ரொம்ப பயமா இருக்கா?” என்றாள் அண்ணி.

“ஆமா அண்ணி.”

“எனக்கும்தான்” என்றாள் அண்ணி. குழந்தையின் முதுகில் அவள் கை இறுகியது. இருவரும் ஒரே ஆபத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. “போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன். டாக்டர் என்ன சொன்னாருன்னு சொல்றேன்.”

வாலு அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, விரல்களை மட்டும் மடக்கி மடக்கிக் காட்டினாள். அந்தச் சின்ன நகங்களில் லேசான நீலம். எழுந்து ஓடிப்போய் அந்த விரல்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவும் அவளுக்குத் துணிவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை அசைத்தாள்.

அண்ணி வெளியே போனாள். கதவு மெல்லத் திரும்பி வந்து மூடிக்கொண்டது.