இராசையா ஒரு நாள் ஓட்டிய கறுப்பு ஜீப்பு

வாகனம் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாக டயரை உதைத்துப் பார்ப்பார்கள். இராசையா உதைப்பதில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறி, ஸ்டியரிங்கைத் தொடாமல், கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருப்பார். "வண்டி நம்மள ஏத்துக்குதான்னு பாக்கணும்" என்பார். 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பதுளையில் வாகன வியாபாரி புவாத்தின் முற்றத்தில் நின்ற ஒரு கறுப்புச் சொகுசு ஜீப்புக்குள் அவர் அப்படி உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் நான்.

இருக்கைகள் வெண்ணெய் நிறத் தோல். கண்ணாடிகளோ, வெளியே நின்று பார்த்தால் உள்ளே ஆள் இருப்பதே தெரியாத அளவுக்குக் கறுப்பு.

"என்ன தம்பி, கனடாக்காரருக்குப் புடிச்சிருக்கா?"

"எயார்பேக் இருக்கோ அண்ணை?"

"அது என்னா பேக்கு?"

வெளியே நின்ற புவாத் எட்டிப் பார்த்தார். "மோதினா பலூன் மாதிரி ஊதி வந்து தாங்கும் அண்ணன்."

"நான் என்னத்துக்கு மோதப் போறேன்? வேணும்னா தம்பி பக்கம் ரெண்டு வைங்க. இவரு நிக்கிற வண்டியிலயே கம்பியப் புடிச்சிக்கிட்டு இருக்காரு."

உண்மைதான். கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை நான் அப்போதே பிடித்திருந்தேன்.

புவாத் சாவியை நீட்டினார். "ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. அந்திக்குள்ள முடிவு சொல்லணும். ஒங்கட பழைய வண்டியப் பாக்க மொனராகலைல இருந்து ஹுமைத் வாறார். கரும்பு லொறி வச்சிருக்கிற மனுசன். காட்டு ரோட்டுக்குப் பழசுதான் வேணுமாம். அவரும் சரி, நீங்களும் சரின்னா, கைய அடிச்சிக்கிட்டு சாவிய மாத்திக்க வேண்டியதுதான்."

பழைய ஜீப்பு முற்றத்தின் மூலையில் நின்றது. மொனராகலைப் பக்கம் ஏதோ ஒரு அபிவிருத்தித் திட்டம் முடிந்து அதன் வாகனங்களை ஏலம் போட்டபோது, தொண்ணூற்று நான்கில் இராசையா எடுத்தது. கதவில் இருந்த திட்டத்தின் பெயரை மறைக்கப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். மழையில் நனைந்தால் எழுத்துகள் மறுபடி தெரியும். ஹோர்னை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அடிக்கும். ஏதோ வயர்க் கோளாறு. திருத்தத் தெரிந்தும் அவர் திருத்தவில்லை. ஸ்பிரிங்வெளி ரோட்டு வளைவுகளில் அந்த இரட்டைச் சத்தம் கேட்டால், கொழுந்துக் கூடையோடு நிற்பவரும் விறகுக் கட்டோடு நிற்பவரும் கையை நீட்டுவார்கள். ஜீப்பு நிற்கும். ஏறிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை முன்னால் உட்கார வைப்பார். பதுளை அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்த என் தந்தைக்கு நெஞ்சுவலி வந்த நாளில், மண் சரிந்து பாதி மூடிக் கிடந்த ரோட்டில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே ஜீப்புதான். அதிலிருந்து, ஊருக்கு வரும்போதெல்லாம் இராசையாவோடு ஒரு நாள் சுற்றாமல் நான் திரும்புவதில்லை.

பிறகு ஏன் மாற்ற நினைத்தார்?

அவர் பிறந்தது ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசன் லய வீடொன்றில். சின்ன வயதில், தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப்புச் சத்தம் கேட்டால் எல்லோரும் ரோட்டை விட்டு இறங்கி, தலைத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, ரோட்டோரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் நிற்க வேண்டும். இராசையா முதல் ஆளாக ஓடிப்போய் நிற்பாராம். பயத்தில் அல்ல, ஜீப்பு கடந்து போகும்போது வரும் பெற்றோல் வாசனைக்காக. அந்த வாசனையின் பின்னாலேயே போய் தேயிலைத் தொழிற்சாலை லொறிக்குக் கிளீனர் ஆனார், டிரைவர் ஆனார், சொந்த ஜீப்பு எடுத்தார். யுத்தம் நின்று சமாதானம் வந்து, பக்கத்து ஊரான எல்லவில் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் நிறையத் தொடங்கியதும் வான்களும் வாங்கி ஓடவிட்டார். அந்த வருடம் பதுளையில் ஒரு கலியாண மண்டபத்துக்குப் பழைய ஜீப்பில் போனபோது, வாசல் காவலாளி அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சமையல் சாமான் வண்டியெல்லாம் பின்னால" என்று கைகாட்டினான். வாசலில் ஒரு கறுப்பு ஜீப்பு நின்றது.

"அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன் தம்பி" என்றார், ரோட்டில் இறங்கியதும். "நான் கான்ல நின்ன ரோட்டுல, ஒரு தடவயாவது இப்பிடி ஒண்ணுல ஏறிப் போயிரணும்."

மேல் டிவிசன் அம்மன் கோயிலில் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் சாவியை மாற்றுவது என்று ஏற்பாடு. பழங்கள் என் மடியில் ஒரு பையில் இருந்தன.

ஏற்றம் தொடங்கியது. உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு சுகமான பயணத்தை அந்த ரோட்டில் நான் கண்டதில்லை. குழி தெரியவில்லை. சத்தம் இல்லை. "இதையே எடுங்கோ அண்ணை, நான் ஊருக்கு நிம்மதியா வந்து போவன்" என்றேன்.

முதல் வளைவில், வெற்றுக் கூடையோடு வந்த இரண்டு பேர் எங்களைக் கண்டதும் ரோட்டை விட்டு இறங்கி நின்றார்கள். இராசையாவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? மரியாத!"

அடுத்த வளைவில் ஒரு கிழவர் அவசரமாக ஒதுங்கினார். இராசையா ஹோர்னை அழுத்தினார். அது மெத்தென்று ஒரே ஒரு தடவை ஒலித்தது. கிழவர் கையை நீட்டவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாணிக்கம் மாமாவாச்சே. என்னா, ஏற மாட்டேங்குறாரு?"

நாங்கள் கடந்துவிட்டிருந்தோம்.

லயங்களுக்குச் சற்றுக் கீழே, நிறைந்த கூடையுடன் ஒரு பெண் ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தாள். எங்கள் நிழல் பட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கானுக்குள் கால் வைத்தாள். கால் வழுக்கியது. சமாளித்து நிமிர்ந்து, தலைத்துணியை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றாள். முழங்கால் வரை சேறு.

அது பெரியாயி. இராசையாவின் கூடப்பிறந்த அக்கா.

ஜீப்பு நின்றது. அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

"அக்கா! ஏன்க்கா எறங்குன?"

பெரியாயி அவரைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். "அட நாசமாப் போறவனே, நீயாடா? கம்பனி பெரிய தொரன்னுல்ல நெனச்சேன்!"

"இப்பல்லாம் யாரு எறங்கச் சொல்றா?"

"யாரும் சொல்லல. காலு தன்னால எறங்குது, நான் என்னா செய்ய?"

இராசையா குனிந்து தன் சாரத்தின் நுனியால் அவள் காலைத் துடைக்கப் போனார். அவள் தட்டிவிட்டாள். "போடா, பெரிய வெள்ளை மனசுக்காரன். வண்டியில ஏத்து மொதல்ல."

கூடையோடுதான் ஏறினாள். வெண்ணெய் நிறத் தோலில் சேறும் கொழுந்தும் கொட்டின. "உள்ள என்னடா, மழைக்குள்ள உக்காந்த மாதிரி குளுருது" என்றாள்.

கொஞ்ச தூரத்தில் கோயிலுக்குப் பிரியும் கல்ரோடு. இராசையா ஜீப்பை அதில் திருப்பி ஏற்றப் பார்த்தார். அடியில் கல் உராயும் சத்தம் கேட்டதும் நிறுத்திப் பின்னால் எடுத்தார். ரோடு ஒடுக்கம், வண்டியோ நீளம். என் பக்கக் கண்ணாடிக்குக் கீழே பள்ளத்தாக்கு மட்டும்தான் தெரிந்தது.

"அண்ணை, நான் இறங்கி நிக்கட்டோ?"

"கண்ண மூடிக்குங்க தம்பி, அது போதும்." பிறகு அக்காவிடம், "எங்க திருப்புறதுன்னே தெரியலக்கா" என்றார்.

"தொர பங்களா வளவுக்குள்ள விட்டுத் திருப்பு."

"அங்கயா? சும்மா இரு."

"ஏன்? இதுவும் தொர வண்டிதானே? நானே நம்பிட்டேன், வாச்சர் நம்ப மாட்டானா?"

வாச்சர் நம்பினார். கேற்றைத் திறந்து நெற்றியில் கைவைத்துச் சல்யூட் அடித்தார். பங்களாவின் முன்னே வட்டமான பூப்பாத்தி. அதைச் சுற்றி ஜீப்பு போய் நிற்கவும், இளம் துரை செருப்போடு படிகளில் ஓடிவந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எங்கள் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றார். பெரியாயியின் விரல் ஏதோ பொத்தானில் பட்டது. கண்ணாடி தானாக இறங்கியது. அவளே திடுக்கிட்டாள். ஆனால் விடவில்லை.

"சலாங்க தொர. ஒண்ணுமில்லீங்க. இம்புட்டு நீள வண்டியத் திருப்ப மேல எடமில்ல. ஒங்க வாசல்ல திருப்பிக்கிறோம்."

துரையின் கை பொத்தானிலேயே நின்றது. "ஆ... சரி, சரி" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொரு சுத்து விடுடா" என்றாள் பெரியாயி. "பூவ ஒழுங்காப் பாக்கல."

இராசையா இன்னொரு சுற்று விட்டார். அந்த வளவின் வேலிக்கு வெளியே முப்பது வருடம் கொழுந்து பறித்தவள், பூப்பாத்தியை நிதானமாகப் பார்த்து முடித்தாள்.

கீழே இறங்கும்போது இராசையா தன் கண்ணாடியை முழுக்கத் திறந்துவிட்டார். வளைவில் யாராவது ஒதுங்கினால் தலையை வெளியே நீட்டி, "நான்தாங்க! ராசையா!" என்று கத்தினார். அவர்கள் விழித்து, சிரித்து, கையசைப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அங்கே வேறு யாரோ கானுக்குள் நின்றார்கள். மறுபடியும், "நான்தான்! ராசையாதான்!"

தொண்டை கம்மிப்போய்க் கடைசியில் என்னிடம் சொன்னார். "வண்டி தங்கம் தம்பி. ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா இத எடுத்தா, சாகுற வரைக்கும் வழியெல்லாம் என் பேர நானே கத்திக்கிட்டுப் போகணும். பச்ச வண்டியில என்னைக்காவது சொன்னேனா?"

"அப்ப என்ன செய்யப் போறீங்கள்?"

"வேற என்னா? என் வண்டிய அந்த ஹுமைத்து தொடுறதுக்கு முன்ன போய்ச் சேரணும்."

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெரியாயியை இறக்கிவிட நிறுத்தினோம். கூடையோடு அவள் கறுப்பு ஜீப்பிலிருந்து இறங்கியதைக் கண்டு, நிறுவைக்கு நின்ற பெண்கள் கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் கீழிருந்து வந்தது அந்தச் சத்தம். ஹோர்ன், இரண்டு தடவை.

இராசையாவின் முகம் வெளிறியது. "அது என்னோடது."

பச்சை ஜீப்பு வளைவில் திரும்பி வந்தது. பின் கதவு மூட முடியாமல் திறந்து கிடந்தது. உள்ளே பெண்கள், மாணிக்கம் மாமா, கோதுமை மா மூட்டை, விறகுக் கட்டு, ஒரு ஆடு. ஓட்டுநர் இருக்கையில் வியர்த்து வழிந்தபடி ஒரு பருத்த மனிதர். அவர்தான் ஹுமைத். ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கட்டும் என்று புவாத்தே இந்த ரோட்டைக் காட்டி அனுப்பியிருக்கிறார்.

"யார் இதுட சொந்தக்காரர்?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். "இது ஜீப்பா பஸ்ஸா? ஹோர்ன் அடிச்சா கைய நீட்டுறாங்க. நிப்பாட்டினா ஏறுறாங்க. ஆட்டையும் ஏத்திட்டு, ஒரு பொம்பள என்னையே கேக்குறா, ராசையா எங்கன்னு!"

"நான்தான் மொதலாளி."

"நீங்கதானா! அண்ணன், இவ்வளவு பேர் ஏறியும் வண்டி மூச்சு வாங்கல்ல. எனக்கு இது வேணும். இப்பவே பேசி முடிப்பம்."

"மன்னிச்சிக்குங்க. விக்கல."

"காலைல சரின்னீங்களாமே?"

"காலைல அந்தக் கறுப்புல ஏறி இந்த ரோட்டுல நான் வந்திருக்கலயே."

ஹுமைத்துக்கு விளங்கவில்லை. முகம் சற்று இறுகியது. பேச்சு என்றால் பேச்சு என்று தொடங்கினார். பெரியாயி தன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய், நெருக்கியடித்துப் பச்சை ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"வாங்குறதுன்னா வாங்குங்க மொதலாளி. எங்களையும் சேத்துத்தான் மொனராகலைக்குக் கொண்டு போகணும். யாரும் எறங்க மாட்டோம். ஏய், எவளாவது எறங்குனீங்க, பாத்துக்கிடுங்க!"

"எறங்க மாட்டோம்!" என்றது ஜீப்பு. ஆடும் கத்தியது.

ஹுமைத் ஒரு கணம் திகைத்து, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இத்தன பேருக்குச் சோறு போட என்னால ஏலா. வச்சிக்கங்க அண்ணன். ஆனா நான் எதுல கீழ போற?"

இராசையா கறுப்பு ஜீப்பின் சாவியை அவர் கையில் வைத்தார். "இதுல போங்க. காட்டுக்குத்தான் ஒங்க லொறி இருக்கே. மொனராகலை ரோடு நேரா இருக்கும். ஒங்களுக்கு இது புடிக்கும்."

ஹுமைத் ஏறி, சேற்றைத் தட்டிவிட்டு, குளிர் காற்றைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். கண்ணாடிக்குள் அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். அன்று அந்தியிலேயே அவர் அதை வாங்கிவிட்டார். புவாத்துக்கும் குறை இல்லை.

"தம்பி, நீங்களும் வாறீங்களா?" என்று ஹுமைத் என்னைக் கேட்டார். "இதுல எயார்பேக்கும் ஈக்கி."

நான் நேர்மையாக யோசித்தேன். பிறகு ஆட்டுக்கும் மா மூட்டைக்கும் நடுவில் ஏறி, பிடிக்கக் கம்பி அகப்படாமல் விறகுக் கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

இராசையா தன் இருக்கையில் ஏறினார். கைகளை மடியில் வைக்கவில்லை. நேரே ஸ்டியரிங்கைப் பிடித்தார். மேலே, கறுப்பு ஜீப்பு ஏற மறுத்த கல்ரோட்டில் பச்சை ஜீப்பு உறுமிக்கொண்டு ஏறியது. நான் கண்ணை மூட மறந்துவிட்டேன். கோயில் வாசலில் பெரியாயி என் பையைப் பிடுங்கி, நான்கு சக்கரத்துக்கும் தானே பழம் வைத்தாள்.

"பத்து வருசம் ஓடுன வண்டிக்கு எலுமிச்சம்பழமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இன்னைக்குத்தானடா வாங்குனோம்" என்றாள் அவள்.

இராசையா ஹோர்னை ஒரு தடவை அழுத்தினார். பள்ளத்தாக்கு முழுக்க இரண்டு தடவை கேட்டது. பழங்கள் நசுங்கின.