ஒத்தவிரல் அக்காவும் நீலப் பூசணியும்

இடது கையில் தேநீர்க் குவளை இருக்கும். வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் விசைப்பலகையில் ஒரே ஒரு தட்டு தட்டும். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா வணக்கம், இப்படிக்கு என்று விண்ணப்பம் முழுதாகத் திரையில் வந்து நிற்கும். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பவர் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியைக்கூட எடுத்திருக்க மாட்டார். "பேரும் ஊரும் மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் அது வயித்துலயே இருக்கு" என்பார் ஒத்தவிரல் அக்கா.

புதிதாக வருகிறவர்கள் அந்தப் பட்டப்பெயரைக் கேட்டு, ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறவர் போலிருக்கிறது என்று அடுத்த கடைக்குப் போய்விடுவதுண்டு. அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. "போகட்டும். அங்க பத்து விரலும் வேலை செய்யும். இவங்க உக்காந்து வேடிக்கை பாக்கட்டும்."

இரண்டு அசைவில் ஆகிற வேலையைக் கண்டால் அவருக்கு உடம்பு கூசும். கடையின் இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி. வார் வைத்த செருப்பு வாங்க மாட்டார். வீட்டுக்காரர் மூன்று கேள்வி கேட்டால், மூன்றுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரு "ம்" வரும்.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டுக் கணினியில் விவசாயம் பார்ப்பார். அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து வளர்க்கும் விளையாட்டுத் தோட்டம் அது. அண்ணன் லாரி ஓட்டியவர். ஏழு மாதத்துக்கு முன்பு முழங்கால் நொறுங்கி, இரண்டு முறை அறுத்துத் தைத்து, கட்டிலோடு கிடக்கிறார். யாரோடும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, இந்தத் தோட்டத்தில் இறக்கிவிட்டவர் தங்கைதான்.

இறங்கிய நாளிலிருந்து அண்ணன் செடி செடியாகப் போய் நின்று தண்ணீர் ஊற்றுகிறார். தங்கைக்கு அது பொறுக்காது. இருபது தட்டுகளை வரிசையாகப் பதிவு செய்து ஒற்றை விசைக்குள் அடைத்துவிடுவார். மேக்ரோ என்று அதற்குப் பெயர். அந்த விளையாட்டில் அதற்குத் தடையும் இல்லை. எஃப் நான்கு தண்ணீர், எஃப் ஐந்து அறுவடை. எஃப் ஆறுதான் சந்தை. இருவருக்கும் பொதுவான பெட்டியைத் திறந்து, உள்ளதையெல்லாம் வாரிக்கொண்டு ஓடி, வியாபாரியிடம் கொட்டிவிட்டுத் திரும்பும். நாலே நொடி. அந்த நாலு நொடியும் அக்கா திரையைப் பார்ப்பதில்லை, சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்.

"நீ விவசாயியா, புயலா பாப்பா?" என்பார் அண்ணன். நாற்பத்தாறு வயதிலும் அவருக்கு இவர் பாப்பாதான்.

"உன் வேகத்துக்கு, தக்காளியே அலுத்துப்போய் எந்திரிச்சு நடந்துடும்ணா."

சென்ற செவ்வாய்க்கிழமை எஃப் ஆறைத் தட்டிவிட்டு டப்பாவின் மூடியைக் கையில் எடுத்தபோது, காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அண்ணன் குரல் வந்தது. லாரியில் இருந்த காலத்துக் குரல்.

"பாப்பா, பெட்டியத் திறந்து பாரேன்! நீலப் பூசணி! நாலு மாசமா விதைச்சு விதைச்சுப் பாத்தேன்ல, காலையிலதான் காய்ச்சுது. உனக்குக் காட்டணும்னு உள்ள வெச்சிருக்கேன். இரு, காலுக்குப் பயிற்சி குடுக்குறவரு வந்துட்டாரு. முடிச்சுட்டு வரேன். எப்படி இருக்குன்னு சொல்லணும், ஆமா."

திரையில் அக்காவின் பொம்மை வெறுங்கூடையோடு சந்தையிலிருந்து திரும்பி வந்து நின்றிருந்தது.

விற்ற சரக்கு, விளையாட்டில் சூரியன் சாயும்வரை வியாபாரியிடமே இருக்கும், திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சாய்ந்தால் போனது போனதுதான். பதினோரு நிமிடம் மிச்சமிருந்தது. வியாபாரியின் பட்டியலோ நாற்பது பக்கம். அத்தனையும் அக்கா கொட்டியது, பாதிக்குமேல் பூசணி. நீலப் பூசணி எதுவென்று எஃப் நான்குக்கும் தெரியாது, எஃப் ஐந்துக்கும் தெரியாது. கண்ணால்தான் தேட வேண்டும்.

கதவிடுக்கில் ஒருவர் தலையை நீட்டினார். "அக்கா, ஒரு விண்ணப்பம்..."

"ரெண்டு மணிக்கு வாங்க."

"உங்களுக்கு ஒரு தட்டுதானே?"

"விரலுக்கு இன்னிக்கு லீவு!"

சூரியன் இறங்க இறங்க விளையாட்டுக்குள் அந்திக் கருக்கல் பரவியது. இப்போது எல்லாப் பூசணியும் நீலமாகத் தெரிந்தது. "அட நாசமாப்போன சூரியனே, இப்பத்தான் சாயம் பூசணுமா உனக்கு?" ஒவ்வொரு காயின்மேலும் சுட்டியை நிறுத்தினால்தான் பெயர் தெரியும். பூசணி. பூசணி. பூசணி. எழுத்துக்கூட்டுகிறவரைப் போல உதடசையப் படித்துக்கொண்டே போனார். முப்பத்தொன்றாம் பக்கத்தில், நீலப் பூசணி.

'வாங்க விரும்புவது உறுதியா?' என்று திரை கேட்டது.

"உறுதி, உறுதி, உறுதி!" என்று வாய்விட்டுச் சொல்லித் தட்டினார். பூசணி கூடைக்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சூரியனும் விழுந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சோறு ஆறிப்போயிருந்தது. அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்; அவ்வளவு ருசியாக இருந்தது.

"பாத்தியா பாப்பா?" அண்ணன் வந்துவிட்டார்.

"பாத்தேண்ணா. காம்புகிட்ட கொஞ்சம் வளைஞ்சிருக்கு. ஒரு பக்கம் வெளிறின கோடு ஓடுது."

"கோடா? நானே கவனிக்கலையே! நீ எப்ப இதெல்லாம் நின்னு பாக்க ஆரம்பிச்ச?"

அக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அண்ணா, நான் இத வித்துட்டேன்."

"என்னது?"

"வித்துட்டுத் திரும்ப வாங்கிட்டேன். நாப்பது பக்கத்துல தேடி, ஒவ்வொண்ணா, கையால."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. அண்ணன் சிரித்தார். இருமல் வந்து, இருமலுக்கு நடுவிலும் சிரித்தார். "கையாலயா? நீயா? ஐயோ, வயிறு வலிக்குது பாப்பா..."

அக்கா பூசணியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். திறந்து பார்த்தார். இருந்தது. மூடினார். அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்க, மறுபடியும் திறந்தார்.