எலும்பில்லாத ஆட்டுக்கறி

லண்டன் பிரிக்ஸ்டனில் பஸ் ஓட்டியே தலை நரைத்த ஜமைக்காக்காரர் எவரால்டுக்கு வெள்ளிக்கிழமை மதியம் என்றால் மிர்னாவின் ஜமைக்கா சாப்பாட்டுக் கடைதான். ஆட்டுக்கறியும் பயறு போட்ட தேங்காய்ப்பால் சோறும் வாங்கி, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து எலும்பை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிடுவார். மனைவி இறந்த பிறகு அவர் ருசித்துச் சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான்.

அன்று தட்டைக் கிளறினார். எல்லாம் வெறும் சதை.

"எலும்பு எங்க மிர்னா?"

"இங்க புதுசா குடிவந்த வெள்ளைக்காரங்களுக்கு எலும்பு பிடிக்கலண்ணே. பல்லு உடையுதாம்."

"அவங்க பல்லுக்கு நான் பட்டினி கிடக்கணுமா? இது ஆட்டுக்கறியா, ஆஸ்பத்திரிக் கஞ்சியா?"

"கத்தாதீங்கண்ணே. நமக்குன்னு எலும்போட தனியா ஆக்கி வச்சிருக்கேன். பின்வாசல் வழியா சமையக்கட்டுக்கு வந்து சாப்பிடுங்க."

எவரால்டு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல என்னைப் பின்வாசலுக்குப் போடான்னவன் எல்லாம் வெள்ளைக்காரன். இப்ப நீ சொல்றியா?"

அவர் கல்லாவைத் தாண்டி நேராக உள்ளே போய், அந்தச் சட்டியிலிருந்து தட்டு நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, கடை முழுக்கக் கேட்கும்படி முதல் எலும்பைக் கடித்து உடைத்தார்.