முதற்பிரதியும் பிள்ளையைத் தேடிப்போன தாயும்

முப்பத்தெட்டு வருடமாகக் கறுப்பின மக்களின் எழுத்தைப் பற்றி நான் சொல்லாத இடமில்லை. வகுப்பில் சொன்னேன். அட்டாளைச்சேனையில் ஆசிரிய மாணவர்களுக்குச் சொன்னேன். கலியாண வீட்டில் ஒரே சஹன் தட்டில் என்னோடு சாப்பிட இருந்தவர்களுக்கும் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் இறைச்சியை முடித்துவிட்டார்கள். ஏழு மொழிபெயர்ப்புகள் போட்டேன். வாசித்தவர்கள் என்று உறுதியாகத் தெரிந்தது நாலு பேர். அதில் ஒருவர் அச்சுப்பிழை பார்த்தவர்.

எட்டாவது புத்தகத்துக்குக் கல்முனையில் வெளியீட்டு விழா. எங்கள் பக்கத்தில் வசதியான ஒருவர் முதற்பிரதி வாங்கும்வரை வேறு எவரும் கதிரையை விட்டு எழும்பமாட்டார். ஏழு தடவையும் வாங்கியவர் அரிசி ஆலை ஹாஜியார். வாங்குவார், கமெராவைப் பார்ப்பார், போவார். புத்தகத்தைத் திறந்திருப்பார் என்று நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

அன்று மண்டப வாசலில் என் கையைப் பிடித்தார்.

“சேர், உங்கட மூணாம் புத்தகத்துல, வித்துப்போட்ட புள்ளையத் தேடி ஒரு உம்மா போறாளே. கண்டாளா, இல்லியா?”

மனதுக்குள் எண்ணினேன். ஐந்தாவது வாசகர்.

“ஹாஜியார் வாசிச்சீங்களா?”

“எனக்கு எங்க நேரம்? என்ட பொஞ்சாதி வாசிச்சா. கொரோனாக்குள்ள வேற ஒண்டும் கையில அம்புடல்ல. அண்டையில இருந்து சோத்த வெச்சிட்டுக் கேக்கிறா, கண்டாளா எண்டு.”

“ஆத்தங்கரையில தோணிக்காரனுக்கிட்ட விசாரிக்கிறதோட கதை முடியுது. எழுதினவர் அவ்வளவுதான் எழுதியிரிக்கார்.”

“தமிழ்ல எழுதினது நீங்கதானே? கண்டாள் எண்டு ஒரு சொல்லுப் போட்டா கை தேஞ்சிருமா?”

“போடேலா ஹாஜியார்.”

“அப்ப எனக்கும் மேடையில ஏறேலா.”

ஒலிபெருக்கிக்காரரைச் சேர்த்து நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அறிவிப்பாளர் மூன்று தடவை அழைத்தார். ஹாஜியார் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். மேசையில் புத்தகங்கள் அடுக்கியபடியே இருந்தன. பின்வரிசையில் ஒருவர் காலால் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

ஒரு சொல்தான். ஆனால் அடிமைச் சந்தையில் விற்கப்பட்ட பிள்ளைகளை அப்படித் தேடிப்போன தாய்மாரில் அநேகர் காணவேயில்லை. அவர்களுக்காகத்தான் அந்த எழுத்தாளர் கதையை ஆற்றங்கரையில் நிறுத்தியிருந்தார். நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

“அந்தத் தாய் பிள்ளையைக் கண்டாளா என்று எனக்குத் தெரியாது. கடைசி வரியிலும் அவள் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறாள்.”

பெண்கள் பக்கமிருந்து ஹாஜியாரின் மனைவியின் குரல் வந்தது.

“இஞ்சருங்க, எழும்பிப் போய் வாங்குங்க. அவ தேடுறத உடல்லதானே. உட்டுட்டாளோ எண்டுதான் நான் பயந்த.”

ஹாஜியார் ஏறினார். கமெராவுக்குச் சிரித்தபடியே உதடு அசையாமல் கேட்டார்.

“இதுல எத்தினை கதைக்கு முடிவில்ல?”

“ஒம்பதுல நாலு.”

“எது எதெண்டு புள்ளடி போட்டுத் தாங்க. அதுகள நான் சாப்பிட்டாப் பொறகு வாசிக்கட்டும்.”

அறிவிப்பாளரின் பேனையை வாங்கி மேடையிலேயே பொருளடக்கத்தில் அடையாளம் போட்டுக் கொடுத்தேன். போடும்போது பார்த்தால் ஐந்து.